சித்தப்பாவுக்கு வழங்கப்பட்ட அனுமதி

அந்தத் தொழிற்கல்லூரி ஆசிரியர்களுக்கு வேலையில் மனநிறைவு இல்லை என்ற செய்தி எப்படியோ மேலிடத்துக்குப் போய்விட்டது. யார் போட்டுக்கொடுத்தார்களோ தெரியாது. வருஷக்கணக்காக ஓட்டை இயந்திரங்களோடு மாரடித்தவர்கள், ஒழுகும் கூரைக்குக் கீழே வாளியை வைத்துவிட்டுப் பாடம் நடத்தியவர்கள், ஒரு நாளும் வாய் திறந்து குறை சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டார்கள். ஆனால் மேலிடத்தில் யாரோ பெரிய ஆய்வு ஒன்று செய்து, நல்ல கற்றல் வசதி இருக்கும் இடத்தில் ஆசிரியர்கள் மனநிறைவோடு வேலை செய்கிறார்கள் என்று கண்டுபிடித்திருந்தார்கள். இதற்கு ஆய்வு எதற்கு, எந்த ஆசிரியரைக் கேட்டாலும் டீ ஆறுவதற்குள் சொல்லியிருப்பாரே என்று நீங்கள் நினைக்கலாம். ஆசிரியரைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் அதற்கு ஆய்வு என்று பெயர் கிடையாது.

ஆக, வசதி வந்து இறங்கியது. பழைய பட்டறையை இடித்துத் தள்ளிவிட்டு அதே இடத்தில் நீளமாக ஒரு கூடம் கட்டினார்கள். உள்ளே வரிசையாகப் புத்தம்புது லேத் இயந்திரங்கள். இரும்பைச் சுழலவிட்டு, உளி கொடுத்துக் கடைந்து எடுக்கும் அந்த இயந்திரத்தைத்தான் நம்முடைய ஆள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொடுத்து வந்தார். அதனால் அவருக்கு லேத் சார் என்றே பெயர். பெற்றோர் வைத்த பெயர் கையெழுத்துப் போடும்போதுதான் அவருக்கே ஞாபகம் வரும். புது இயந்திரங்களைப் பார்த்த அன்று அவர் கண் கலங்கிவிட்டது. ஒன்றின் கைச்சக்கரத்தைத் தொட்டுச் சுற்றினார். வெண்ணெயில் விரல் விட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. மறுநாள் வந்து பார்த்தால், கூடத்தின் நடுவே தரையிலிருந்து கூரைவரை ஒரு கண்ணாடிச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. இயந்திரங்கள் அந்தப் பக்கம், மனிதர்கள் இந்தப் பக்கம்.

முதல்வரிடம் ஓடினார். முதல்வர் நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். மேலிடத்திலிருந்து வருவதை அப்படியே ஒப்பிப்பதில் அவருக்கு இருந்த திறமை இந்தக் கல்லூரியில் வேறு யாருக்கும் இல்லை. அதனால்தான் அவர் முதல்வர்.

"வசதி இருந்தா நிறைவு வரும். சரிதானே? வசதி தேய்ஞ்சா நிறைவும் தேய்ஞ்சிரும். தொட்டா தேயும். அதனால யாரும் தொடக்கூடாது. உங்க நிறைவைப் பாதுகாக்கத்தான் சார் அந்தக் கண்ணாடி."

"அப்ப பசங்க எப்படிக் கத்துக்குவாங்க?"

"இது ஆசிரியர் மனநிறைவுத் திட்டம். மாணவர் கத்துக்கிறது வேற பிரிவு. அங்க இப்ப யாரும் இல்ல."

லேத் சார் பேந்தப் பேந்த விழித்தார். அதற்கு மேல் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களும் கேட்பதில்லை.

அப்படித்தான் வெறுங்கைப் பயிற்சி ஆரம்பமானது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தரையில் மஞ்சள் கட்டங்கள் வரைந்தார்கள். கட்டத்துக்கு ஒருவராக மாணவர்கள் நின்று, எதிரே தெரியும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே, காற்றில் சக்கரம் சுற்றினார்கள். காற்றில் உளியை நகர்த்தினார்கள். காற்றில் விசையைப் போட்டு, காற்றில் அணைத்தார்கள். லேத் சார் வரிசைக்கு நடுவே நடந்து, "இன்னும் கொஞ்சம் மெதுவா", "அழுத்தாதே, அழுத்தாதே" என்று திருத்துவார். எதை அழுத்தாதே என்று அவருக்கே சந்தேகமாக இருக்கும். தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்தவர்கள் கையசைவின் தெளிவுக்கும் நிற்கும் தோரணைக்கும் மதிப்பெண் போட்டார்கள். தேர்ச்சி கிடுகிடுவென்று ஏறியது. பழைய பட்டறை நாளில் பாதிப் பேர் தோற்பார்கள். இரும்பு அப்படி. காற்று யாரையும் தோற்கடிப்பதில்லை.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட அவர் இடது கை தட்டுக்குப் பக்கத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அவர் மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். எதையும் பட்டென்று சொல்லிவிடுகிற சுபாவம்.

"அந்தக் கைய எதையாவது பிடிச்சுக்கச் சொல்லுங்க. பார்க்கவே பயமா இருக்கு" என்றார் ஒரு நாள்.

இந்த வெறுங்கைப் பயிற்சியில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் ஒருவர் உண்டு. அவரை வகுப்பே சித்தப்பா என்று கூப்பிட்டது. சக மாணவர்களைப்போல் இரண்டு பங்கு வயது. பெட்டி கட்டும் வேலையிலிருந்து ஆட்குறைப்பில் வெளியே வந்து, புதுத்தொழில் கற்கச் சேர்ந்தவர். மனைவி காலமாகிவிட, வீட்டில் ஒரே மகள். "என்ன சித்தப்பா, வீட்டுப்பாடம் எழுதிட்டீங்களா" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். ஆனால் மஞ்சள் கட்டத்துக்குள் வந்து நின்றுவிட்டால் ஆளே வேறு. அவர் கையைப் பார்த்தால் அங்கே இரும்பு இருப்பதாகவே தோன்றும். வேலை முடிந்ததும் இல்லாத எண்ணெயைக் கால்சட்டையின் வலது தொடையில் இரண்டு தடவை துடைத்துக்கொள்வார். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினார். அவர் கையசைவைப் படம்பிடித்து மற்ற கல்லூரிகளுக்கும் அனுப்பினார்கள்.

படித்து முடித்துத் தொழிற்சாலைக்குப் போன முதல் நாளே சித்தப்பா செத்துப்போனார்.

லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வாய் ஒன்று உண்டு, அதற்கு சக் என்று பெயர். அந்த வாயை இறுக்கவும் தளர்த்தவும் குறுக்குப்பிடி வைத்த கனமான சாவி ஒன்று. இறுக்கியதும் சாவியை உருவி எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விசையைப் போட்டால் சக் சுழன்று சாவியைத் தூக்கி எறியும். எங்கே எறியும் என்று கேட்டால், எதிரே நிற்பவன்மேல்தான். இதை லேத் சார் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்திருந்தார். வகுப்பு முழுக்க மனப்பாடமாக ஒப்பிக்கும். ஆனால் காற்றுச் சாவிக்குக் கனம் இல்லை. அதை எடுக்க மறந்தவன் கையிலும் எடுத்தவன் கையிலும் ஒன்றுமே இருப்பதில்லை. தொழிற்சாலை கொடுத்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்ற சித்தப்பாவின் கைக்கு வாழ்நாளில் அதுதான் முதல் நிஜச் சாவி. இறுக்கினார், கையை எடுத்தார், விசையைப் போட்டார்.

இரங்கல் கூட்டத்தில் முதல்வர் உருக்கமாகப் பேசினார். இந்தக் கல்லூரியின் எந்த இயந்திரத்திலும் இதுவரை ஒரு விபத்துகூட நடந்ததில்லை என்பதைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார். மறைந்த மாணவர் பெற்ற முழு மதிப்பெண் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்படாது என்று உறுதி கொடுத்தார். கடைசியாக, கருணை அடிப்படையில் அவருடைய மகளுக்கு அதே பாடப்பிரிவில் ஓர் இடம் ஒதுக்கப்படுவதாக அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். லேத் சாரும் தட்டினார். தட்டிய பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று யோசித்தார்.

மகள் வந்து சேர்ந்தாள். பேச்சு குறைவு. அப்பா நின்ற கட்டத்திலேயே நின்றாள். யாரும் அவளை அங்கே நிற்கச் சொல்லவில்லை, வேறு கட்டம் காலியாக இல்லை, அவ்வளவுதான்.

அவள் வந்த பிறகுதான் அது தொடங்கியது. கண்ணாடியில் வகுப்பின் பிரதிபலிப்பு எப்போதும் விழும். இந்தப் பக்கம் நின்று சக்கரம் சுற்றுகிறவர்கள், அந்தப் பக்கம் இயந்திரங்களின் நடுவே நின்று சுற்றுவதுபோலத் தெரிவார்கள். ஒரு காலைநேரம், நல்ல வெயில், லேத் சார் யதார்த்தமாகக் கண்ணாடியைப் பார்த்தார். வரிசையின் கடைசியில் நீலக் கோட்டு போட்ட ஓர் உருவம் கூடுதலாக நின்றது. திரும்பி இந்தப் பக்கம் பார்த்தார், அங்கே சுவர்தான் இருந்தது. மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். உருவம் வலது தொடையில் கையைத் துடைத்துக்கொண்டது.

அடுத்த நாள் காலை, பூட்டிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கடைசி லேத்தின் சக்கில் சாவி சொருகியிருந்தது. சாவிகளெல்லாம் உறை பிரிக்காமல் உள்ளே அலமாரியில் இருக்க வேண்டியவை. காவலாளியிடம் கேட்டால் கண்ணாடிக் கதவை யாரும் திறக்கவில்லை என்றார். அன்று மாலைக்குள் சாவி மறுபடி உறைக்குள் போய்விட்டது. அதற்கு அடுத்த நாள் மறுபடி சக்கில்.

 லேத் சாருக்குப் பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று உறுத்தியது. செத்த பிறகும் மனிதர் பயிற்சிக்கு வருகிறாரே. உயிரோடு இருந்தபோது கொடுக்காததை இப்போது அவராகவே எடுத்துக்கொள்கிறாரே. முதல்வரிடம் போய் மென்று முழுங்கிச் சொன்னார். முதல்வரும் வெளிறிப்போனார். கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தேய்மானம் ஏதாவது தெரியுதா?"

இந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து நிறைவு அதிகாரி வந்து சேர்ந்தார். வசதி கொடுத்தாகிவிட்டது, நிறைவு எவ்வளவு வந்திருக்கிறது என்று அளக்க வேண்டுமல்லவா. மெலிந்த, சுத்தமான மனிதர். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் அவர் தலைக்கு மேலே ஓர் அடி உயரத்தில் பார்ப்பார். வந்ததும் நிறைவு நேரம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். காலையில் வகுப்பு தொடங்குமுன் ஆசிரியர்கள் எல்லாரும் கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து இயந்திரங்களைப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொருவராக எழுந்து தன் நிலையைச் சொல்ல வேண்டும். நிறைவு என்று சொல்லலாம், மிகுந்த நிறைவு என்று சொல்லலாம், சொல்லில் அடங்காத நிறைவு என்றும் சொல்லலாம். வேறு எதுவும் ஏற்கப்படாது. வெல்டிங் ஆசிரியர் "பரவாயில்ல" என்று சொல்லித் தொலைத்தார். அவரைத் தனி அறையில் உட்காரவைத்து, நிறைவு வரும்வரை இயந்திரங்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். மூன்றாம் நாள் அவர் சொல்லில் அடங்காத நிறைவோடு வெளியே வந்தார். அப்புறம் அவர் யாரோடும் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அப்படி ஒரு நிறைவு நேரத்தில்தான் எல்லாரும் பார்க்கும்படி அது நடந்தது. ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் மாணவர்கள் கட்டங்களில் நிற்கிறார்கள், அதிகாரியும் முதல்வரும் ஓரத்தில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அலமாரியிலிருந்து ஒரு சாவி எழுந்து வந்தது. அதைப் பிடித்திருந்த கை மெல்லத் தெரிந்தது, பிறகு நீலக் கோட்டு. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெளிச்சம் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. சாவி சக்கில் ஏறியது. கை அதை இறுக்கியது, எவ்வளவு அழகாக இறுக்கியது. பிறகு சாவியை அப்படியே விட்டுவிட்டு விசைக்குப் போனது. சக் அரைச் சுற்று துள்ளியது. கையும் கோட்டுமாக எல்லாம் அணைந்துபோனது.  கொஞ்ச நேரம் கழித்து, அலமாரியிலிருந்து சாவி மறுபடி எழுந்தது.

லேத் சார் தன்னையறியாமல் எழுந்து கண்ணாடியைத் தட்டினார். "சாவிய எடுங்க. சித்தப்பா, சாவிய எடுத்துட்டு விசையப் போடுங்க." உள்ளே கேட்கவில்லை. அதே இறுக்கல், அதே அரைச் சுற்று, அதே அணைதல். மறுபடி முதலிலிருந்து. அந்த மனிதர் ஒரே தவறுக்குள் பூட்டப்பட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பின்னால் திரும்பிப் பார்த்தார். மகள் தன் கட்டத்தில் நின்றபடி, கண் இமைக்காமல், உள்ளே அந்தக் கை வலது தொடையில் துடைத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டம் பிடித்தவர்கள் பிடித்தார்கள். அதிகாரி மட்டும் அசையவில்லை. அவர் முகத்தில் பயத்தின் சுவடு இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக மனநிறைவு என்று சொல்லத்தக்க ஒன்று அங்கே எட்டிப் பார்த்தது. கண்ணாடிக்கு அருகில் போய்ப் பார்த்தார். முதல்வரைக் கூப்பிட்டு, இயந்திரத்தில் கைரேகை விழுகிறதா என்று கேட்டார். விழவில்லை. வியர்வை? இல்லை. எண்ணெய் குறைகிறதா? இல்லை. மின்சாரம்? கூடத்துக்கு இன்னும் இணைப்பே கொடுக்கவில்லை.

அன்று பிற்பகல் அவர் ஆசிரியர்களைக் கூட்டிப் பேசியதை லேத் சார் சாகும்வரை மறக்கமாட்டார்.

"எங்க துறைக்கு நெடுநாளா ஒரு சிக்கல். வசதியப் பயன்படுத்தலைன்னு தணிக்கையில கேட்கிறாங்க. பயன்படுத்தினா தேயுது. தேய்ஞ்சா உங்க நிறைவு குறையுது. இன்னைக்கு இந்தக் கல்லூரி அதுக்கு ஒரு தீர்வு கண்டிருக்கு. இயந்திரம் ஓடுது, ஆனா யாரும் தொடலை. மாணவர் பயிற்சி பண்றார், ஆனா குறை சொல்லலை, விடுப்பு கேட்கலை, விபத்து ஆகிற நிலையில அவர் இல்ல. உண்மையச் சொல்றேன், நாங்க இந்தத் திட்டத்தை யாரை மனசுல வச்சு வகுத்தோமோ, அந்த மாணவர் இவர்தான்."

பேச்சு முடிந்ததும், மறைந்த மாணவருக்கு வகுப்பு நேரத்தில் இயந்திரத்தைப் பயன்படுத்த நிரந்தர அனுமதி வழங்கப்படும் என்று அறிவித்தார். லேத் சார் எழுந்தார். தேர்வு முடிந்துவிட்ட இந்த வகுப்பு வருகிற திங்கட்கிழமை தொழிற்சாலைகளுக்குப் போகிறது, ஒருவரும் ஒரு சாவியைக்கூடக் கையில் பிடித்ததில்லை, அந்தப் பொண்ணு அப்பா வேலை பார்த்த அதே தொழிற்சாலைக்கு, அதே இயந்திரத்துக்குத்தான் போகிறாள், ஒரே ஒரு நாள் இவர்களையும் உள்ளே விடுங்கள் என்று கெஞ்சினார். 

அதிகாரி அவர் தலைக்கு மேலே பார்த்தார். "உங்க உணர்வு புரியுது. ஆனா இவங்க எல்லாம் உயிரோட இருக்காங்களே" என்றார். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, தகுதி விவரமாகத்தான் சொன்னார்.

அனுமதி வழங்கும் விழா வெள்ளிக்கிழமை காலை நடந்தது. கண்ணாடிக்கு முன்னால் மேடை. சித்தப்பாவின் படத்தை ஒரு நாற்காலியில் வைத்திருந்தார்கள். உள்ளே சித்தப்பா தன் பாட்டுக்கு இறுக்கிக்கொண்டும் அணைந்துகொண்டும் இருந்தார், விழா அவருக்குத்தான் என்று தெரியாமலே. அவர் சார்பில் ஆணையைப் பெற்றுக்கொள்ள மகளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் ஏறினாள். ஆணையை வாங்கினாள். இறங்காமல் அங்கேயே நின்றாள்.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள் மெதுவாக.

அதிகாரி சொல்லு என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"எங்கப்பாவோட சைக்கிள், கைக்கடிகாரம், அந்தத் தொழிற்சாலை குடுத்த கோட்டு, எல்லாத்தையும் வாரிசுன்னு சொல்லி என்கிட்டதான் குடுத்தாங்க. இந்த அனுமதியும் அப்படித்தானே?"

முதல்வர் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி முதல் முறையாக ஒரு மனித முகத்தை நேராகப் பார்த்தார். தன்னோடு வந்திருந்த உதவியாளரைக் கூப்பிட்டார். விதிகள் வந்தன. இருவரும் ஓரமாகப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். இறந்தவருக்கு அனுமதி வழங்க அவர்கள் தேடிக் கண்டுபிடித்த விதி, ஓய்வூதிய விதிகளிலிருந்து எடுத்தது. அதில், இறந்தவருக்குச் சேரவேண்டிய எதுவும் அவர் வாரிசுக்கும் சேரும் என்று அச்சுப்பிசகாமல் இருந்தது. விதியை ரத்து செய்தால் சித்தப்பாவின் அனுமதியும் போய்விடும். அது போனால் தணிக்கைக்குக் காட்டவிருந்த பயன்பாடு போய்விடும். மாட்டிக்கொண்டார்கள்.

கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அன்று ஒரு நாள், ஒரு தடவை, ஆசிரியர் துணையோடு. கைரேகை படாமலிருக்க அவள் கையுறை போட வேண்டும் என்றார் அதிகாரி. லேத்தில் கையுறை போட்டால் துணி சக்கில் சிக்கிக் கையையே இழுத்துவிடும் என்றார் லேத் சார். அப்படியானால் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுப் போகட்டும் என்று முடிவானது. அவசர அவசரமாக வெளியிலிருந்து ஒரு மின்கம்பி இழுத்தார்கள். உதவியாளர் கண்ணாடிக் கதவைத் திறந்து, இருவரும் நுழைந்ததும் மறுபடி சாத்தினார்.

உள்ளே குளிர்ந்து கிடந்தது. எண்ணெய் வாசம். மகள் கடைசி லேத்துக்குத்தான் போனாள். லேத் சார் பின்னாலேயே போனார். நீலக் கோட்டு அங்கே இல்லை. ஆனால் ஆள் இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியில் உட்காரும்போது உறைக்குமே, அந்த மாதிரி காற்றில் ஒரு சூடு இருந்தது.

அவள் உறையைப் பிரித்துச் சாவியை எடுத்தாள். கனம் தாளாமல் கை கீழே போய் மேலே வந்தது. ஓர் இரும்புத் துண்டை சக்கில் வைத்தாள், சாவியைச் சொருகினாள், இறுக்கினாள். அழகாகத்தான் செய்தாள். அப்பாவின் கை அப்படியே. பிறகு நிமிர்ந்து நின்று, தேர்வில் ஒப்பிக்கும் அதே குரலில் சொன்னாள்: "சக் சாவியை அகற்றிய பின்னரே விசையை இயக்க வேண்டும்."

சொல்லிக்கொண்டே கை விசைக்குப் போனது. சாவி சக்கிலேயே இருந்தது.

லேத் சார் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் இருவரும் பின்னால் தடுமாறினார்கள். "கண்ணு எங்க இருக்கு உனக்கு" என்று கத்தினார். பல வருஷமாக அவர் யாரிடமும் கத்தியதில்லை, கத்துவதற்கு வெறுங்கைப் பயிற்சியில் ஒரு காரணமும் இருந்ததில்லை. அவள் திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். அப்புறம் சக்கைப் பார்த்தாள். சாவி அங்கே துருத்திக்கொண்டு நின்றது. தான் அதை எடுத்துவிட்டதாகவே அவள் நினைத்திருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"எடுத்தேனே சார்" என்றாள்.  "எடுத்துட்டேன்னுதான் நினைச்சேன். அப்பாவும் இப்படித்தான் நினைச்சிருப்பாரு, இல்ல?"

 அவள் அப்படியே இயந்திரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். செய்தி வந்த நாளில்கூட அழாத பெண் என்று ஊரே பேசிய பெண். அவரும் பக்கத்தில் குந்திக்கொண்டார். அவருக்கும் அழுகை வந்தது. வெட்கப்படவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் அதிகாரியின் குரல், ஆசிரியர் அழுவது நிறைவின் எந்த வகையில் சேரும் என்று முதல்வரைக் கேட்டுக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்தாள். மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு சாவியை உருவினாள். கையில் பிடித்துப் பார்த்தாள். மறுபடி சொருகினாள், இறுக்கினாள், உருவினாள். ஒரு தடவை என்றுதான் அனுமதி, அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சொருகினாள், இறுக்கினாள், உருவினாள். பிறகுதான் விசை. சக் சுழன்றது. முழுச் சுற்று, அடுத்த சுற்று, அதற்கடுத்தது என்று நிற்காமல் சுழன்றது. அந்தச் சத்தம் கேட்டு லேத் சாருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அப்போதுதான் அவர் கண்ணாடியைப் பார்த்தார்.

வகுப்பு முழுவதும் அந்தப் பக்கம் கட்டங்களில் நின்றுகொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே அவளைப் பார்த்து அவளோடு சேர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். அத்தனை கைகளும் காற்றில் சொருகின, காற்றில் இறுக்கின, காற்றில் விசைக்குப் போயின. எந்தக் கை சாவியை எடுத்தது, எந்தக் கை எடுக்காமல் விட்டது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாம் நல்ல பிள்ளைகள். எல்லாரும் முழு மதிப்பெண் வாங்கியவர்கள். திங்கட்கிழமை எல்லாரும் போகிறார்கள். சித்தப்பாவைப் போலவே ஒவ்வொருவரும் எடுத்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கதவுக்கு நடந்தார். உள்பக்கத்தில் பூட்டு கிடையாது, வெறும் தாழ்ப்பாள்தான். உள்ளிருந்து யாராவது திறக்கக்கூடும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை போலும். திறந்தார். அதிகாரி குறுக்கே வந்து நின்றார்.

"வாரிசு அல்லாதவங்க உள்ள வரக்கூடாது. மீறினா உங்க நிறைவு முழுசா ரத்தாகும். புரியுதா? பூஜ்யம்னு போகும்."

"போட்டுக்கங்க" என்றார் லேத் சார். அதிகாரியின் தோளுக்கு மேலே பார்த்து, "ஒவ்வொருத்தரா வாங்க" என்றார் பிள்ளைகளிடம்.

முதலில் ஒருவரும் நகரவில்லை. பிறகு வரிசையின் முன்னால் நின்றவன் மஞ்சள் கோட்டைத் தாண்டினான். அடுத்தவள் தாண்டினாள். அதிகாரி முதல்வரைப் பார்த்தார், முதல்வர் தரையைப் பார்த்தார். பிள்ளைகள் இருவரையும் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள். கூடத்தின் கடைசியில், இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே, நீலமாக ஏதோ ஒன்று அவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கியதை லேத் சார் பார்த்தார். மகளும் பார்த்தாள். இருவரும் அதைப்பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை, நேரம் இல்லை.

முதல் பையன் வந்து நின்றான். சொருகினான், இறுக்கினான். அவன் கை தன்பாட்டுக்கு விசையை நோக்கிப் போனது. லேத் சார் அந்தக் கைமேல் தன் கையை வைத்து நிறுத்தினார். இந்தத் தடவை கத்தவில்லை.

"இன்னும் எடுக்கலப்பா. எடுத்து என் கையில குடு" என்றார்.

பையன் குழம்பிப்போய் சக்கைப் பார்த்தான், முகம் வெளுத்தது. சாவியை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தான். அடுத்தவள் வந்து நின்றாள்.